பயிற்சிப் பறப்பில் இறந்த வான்படை வீரர்: பதிவு தேடுவது முதல் நினைவுக்கல் வரை

ஏட்டுச்சுவடி:
இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படையின் தன்னார்வ ரிசர்வில் இருந்த ஒரு சார்ஜென்ட், நேவிகேட்டர் (விமானம் போகும் வழியைக் கணிப்பவர்). 1943-இல் இங்கிலாந்துக்குள்ளேயே பயிற்சிப் பறப்பில் இறந்தவர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பெயர், சேவை எண், இறந்த தேதி, வயது, பெற்றோர் பெயர், சொந்த ஊர் தேவாலயக் கல்லறை ஆகியவை இருக்கின்றன. எந்தப் பயிற்சிப் பிரிவு, என்ன விமானம், எங்கே விழுந்தது, உடன் இறந்தவர்கள் யார் என்பது எதுவும் இல்லை. விழுந்த இடத்தில் அனுமதியோடு ஒரு சிறு நினைவுக்கல் வைக்க உறவினர்கள் விரும்புகிறார்கள். எதில் தொடங்கி எந்த வரிசையில் போகலாம்?

தரவன்:
முதலில் உடன் இறந்தவர்களைக் கண்டுபிடியுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். போர்க் கல்லறை ஆணையத்தின் தேடலில் பெயரை விட்டுவிட்டு, அதே தேதி, வான்படை, பிரிட்டனில் உள்ள கல்லறைகள் என்று மட்டும் கொடுங்கள். மறுநாள் தேதியையும் தனியாகப் பாருங்கள். காயத்தோடு மருத்துவமனைக்குப் போய் இறந்தவர் அந்தத் தேதியில்தான் இருப்பார்.

பலர் தடுமாறுவது இங்கேதான். ஒரே விமானத்தில் இறந்தவர்கள் ஒரே கல்லறையில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். பிரிட்டனுக்குள் இறந்தவரின் உடலை அரசுச் செலவில் ரயிலில் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அதனால் ஐந்து பேர் குழுவில் ஒருவர் டெவனில், ஒருவர் கிளாஸ்கோவில், ஒருவர் லண்டன் புறநகரில் என்று சிதறிக் கிடப்பார்கள். ஊருக்கு அனுப்ப வழியில்லாத கனடாக்காரர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர்களைப் பயிற்சித் தளத்துக்குப் பக்கத்தில் உள்ள வான்படைப் பகுதியில் அடக்கம் செய்தார்கள். யார்க்ஷயரில் ஹாரோகேட் ஸ்டோன்ஃபால் கல்லறை அப்படிப்பட்டது. ஆகவே அந்தத் தேதியில் வெளிநாட்டு வீரர் ஒருவர் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார் என்று பார்த்தால், விமானம் எந்த வட்டாரத்திலிருந்து கிளம்பியது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது சிவில் இறப்புப் பதிவு. வெளிநாட்டில் இறந்த வீரர்களைப் போல் அல்லாமல், இங்கிலாந்து, வேல்ஸ் மண்ணில் இறந்தவருக்குச் சாதாரண இறப்புச் சான்றிதழ் உண்டு. அதன் அட்டவணையில் பதிவு மாவட்டம் இருக்கும். பொதுவாக அது இறந்த இடத்தின் மாவட்டம், சொந்த ஊரின் மாவட்டம் அல்ல. சந்தேகப்படும் நான்கைந்து பேரும் ஒரே காலாண்டில் ஒரே மாவட்டத்தில் பதிவாகியிருந்தால் அவர்கள் ஒரே குழு என்று வலுவாகவே சொல்லலாம். சான்றிதழை வாங்கினால் பண்ணையின் பெயரோ குன்றின் பெயரோ அதில் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

வானோடி:
தரவன் சொன்ன பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொருவரின் பணியையும் பாருங்கள். பைலட், நேவிகேட்டர், பாம் எய்மர் (குண்டைக் குறிபார்த்துப் போடுபவர்), வயர்லெஸ் ஆப்பரேட்டர், ஏர் கன்னர் (துப்பாக்கி வீரர்) என்று ஐந்து பேர், அல்லது இன்னொரு கன்னரோடு ஆறு பேர் என்றால் அது ஓ.டி.யு., அதாவது போர்ப்பறப்புக்கு முந்தைய பயிற்சிப் பிரிவு. விமானம் அநேகமாக வெலிங்டன் அல்லது விட்லி. பட்டியலில் ஃப்ளைட் எஞ்சினியர் இருந்தால் அது நான்கு எஞ்சின் விமானங்களுக்கு மாறும் பயிற்சிப் பிரிவு, எச்.சி.யு. விமானம் ஸ்டெர்லிங், ஹாலிஃபாக்ஸ் அல்லது லங்காஸ்டர். ஃப்ளைட் எஞ்சினியர்கள் குழுவில் வந்து சேர்ந்ததே அந்தக் கட்டத்தில்தான்.

பதவியும் பேசும். 1940-க்குப் பிறகு பயிற்சி முடித்து மார்பில் சிறகு குத்திக்கொண்ட வானோடிகளுக்குக் குறைந்தபட்சப் பதவியே சார்ஜென்ட். 'லீடிங் ஏர்கிராஃப்ட்மேன்' என்று இருந்தால் இன்னும் சிறகு வாங்காத மாணவர். அவரை ஓ.டி.யு. பதிவில் தேடிப் பயனில்லை, தொடக்கநிலைப் பறப்புப் பள்ளிகளைப் பாருங்கள். நீங்கள் சொல்பவர் சார்ஜென்ட், நேவிகேட்டர், 1943. ஓ.டி.யு. அல்லது எச்.சி.யு. என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

மலைத்தடம்:
சேவை எண்ணின் முன்னெழுத்தையும் விடாதீர்கள். கனடா வான்படையில் ஆர் என்றால் சாதாரணப் பதவி, ஜே என்றால் அதிகாரி. சாதாரணப் பதவியிலிருந்து அதிகாரியானவருக்கு எண்ணே மாறிவிடும். பழைய எண்ணை வைத்துத் தேடி 'ஆளே இல்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள்.

தரவன்:
அந்த முன்னெழுத்து இன்னொரு விதத்திலும் புதையல். குழுவில் ஒரு கனடாக்காரரோ ஆஸ்திரேலியரோ இருந்தால், உங்கள் ஆளின் கோப்பை விட்டுவிட்டு முதலில் அவருடையதைப் படியுங்கள். கனடாவின் தேசிய ஆவணக் காப்பகம் போரில் இறந்தவர்களின் சேவைக் கோப்புகளை மின்மயமாக்கியிருக்கிறது. ஆஸ்திரேலிய தேசியக் காப்பகத்தில் ஏ705 என்ற வரிசை வான்படை உயிரிழப்புக் கோப்புகளுக்கானது. விசாரணையின் சுருக்கம், சாட்சிகள் சொன்னது, அடக்கம் நடந்த விதம், குழுவினர் அனைவரின் பெயர் எல்லாம் அந்தக் கோப்புகளில் கிடைப்பது உண்டு. பிரிட்டன் பக்கத்தில் விசாரணைக் குழுவின் முழுத் தாள்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. ஒரே விபத்து, ஒரே விசாரணை. அதன் நகல் மெல்போர்னுக்கோ ஒட்டாவாவுக்கோ போனதால் தப்பிப் பிழைத்திருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
மிக்க நன்றி. விபத்து அட்டை என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். அதில் என்ன இருக்கும்?

வானோடி:
ஃபார்ம் 1180. ஹெண்டனில் உள்ள வான்படை அருங்காட்சியகத்தில் கேட்டுப் பெறலாம். எதிரியால் விழுந்த விமானத்துக்கு இந்த அட்டை பொதுவாக இருக்காது. விபத்துக்கு உண்டு. பயிற்சியில் இறந்தவர்களைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒற்றைத் தாள் வேறு இல்லை.

சின்ன அட்டை, நெருக்கமான கையெழுத்து, பாதிக்குப் பாதி சுருக்கக் குறிகள். விமான வகை, வரிசை எண், பிரிவு, தேதி, நேரம், இடம், பைலட் பெயர், அவருடைய மொத்தப் பறப்பு மணி, அந்த வகை விமானத்தில் மணி, இரவு மணி, நடந்தது இன்னது, காரணம் இன்னது, மேலதிகாரி கருத்து. மணிக்கணக்கை முதலில் பாருங்கள். மொத்தத்தில் 250 மணி பறந்தவர், அந்த வகையில் இரவில் 5 மணிதான் என்றால் மற்ற வரிகளைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஃபார்ம் 78. இது விமானத்தின் சொந்த அட்டை, எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போனது என்று சொல்லும். அதன் கடைசி வரியில் எஃப்.ஏ. என்றால் பறப்பு விபத்து, எஃப்.பி. என்றால் போர்ப்பறப்பில் சேதம். சேத வகை 'இ' என்றால் விமானம் மிச்சமில்லை. 'பி' என்றிருந்தால் பழுதுபார்க்க எடுத்துப் போயிருக்கிறார்கள், இடத்தில் துண்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பிரிவின் நாட்குறிப்பு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். அங்கே ஆவண வரிசைகளின் பெயர் இப்படி: ஸ்குவாட்ரன்கள் (போர்ப்பறப்புப் பிரிவுகள்) ஏர் 27, தளங்கள் ஏர் 28, ஓ.டி.யு. போன்ற பயிற்சிப் பிரிவுகள் ஏர் 29. ஸ்குவாட்ரன் நாட்குறிப்பில் ஒவ்வொரு பறப்பும் பெயரோடு இருக்கும். பயிற்சிப் பிரிவில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம், 'இன்று ஒரு வெலிங்டன் விழுந்தது' என்று ஒரு வரி. அதே தளத்தின் ஏர் 28-ஐயும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவ அதிகாரியின் குறிப்போ அடக்கச் சடங்கு விவரமோ கிடைக்கலாம். ஏர் 81 என்பது தனித்தனி உயிரிழப்புக் கோப்புகள், 1939-இலிருந்து காலவரிசைப்படி படிப்படியாகத் திறக்கிறார்கள். உங்கள் தேதி வந்துவிட்டதா என்று பட்டியலில் பாருங்கள்.

மலைத்தடம்:
நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. போர்க்காலத்தில் பிரிட்டனில் குளிர்காலத்திலேயே கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னால் இருந்தது, கோடையில் இரண்டு மணி முன்னால். ஜூன் மாதம் இரவு 22.15 என்று அட்டை சொன்னால் அது இருட்டல்ல, சூரியன் மறையும் வேளை. எழுதியவர் உள்ளூர் நேரம் போட்டாரா கிரீன்விச் நேரமா என்பதை அதே பக்கத்தின் மற்ற பறப்புகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். அன்றைய வானிலைக்கு பிரிட்டிஷ் வானிலைத் துறையின் தினசரி அறிக்கைகள் இணையத்தில் உள்ளன.

கல்தச்சன்:
அட்டையில் காரணம் 'பைலட் தவறு' என்று இருந்தால் அதை என்ன செய்வது? உறவினர்கள் கல்லில் உண்மையை எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். மறைப்பதும் சரியில்லை.

வானோடி:
மறைக்க வேண்டாம், ஆனால் அந்த வார்த்தையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த அட்டை அடுத்த விபத்தைத் தடுக்கப் புள்ளிவிவரம் சேர்க்கிற தாள். ஏதாவது ஒரு கட்டத்தில் காரணத்தை அடைத்தாக வேண்டும். பைலட் இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆளில்லை. பழி போகிற இடம் அதுதான்.

நடந்தவற்றைப் பிரித்துப் பாருங்கள். ஓ.டி.யு.க்களில் ஓடிய வெலிங்டன் 1சி-க்களில் பல, போர்ப்பறப்பில் தேய்ந்து கழிக்கப்பட்டவை. பிரிஸ்டல் பெகாசஸ் எஞ்சின். ஒரு எஞ்சின் நின்றால் அதன் புரொப்பெல்லரைக் காற்றுக்கு இசைவாகத் திருப்பி நிறுத்தும் வசதி அந்த வகையில் கிடையாது. நின்ற புரொப்பெல்லர் காற்றில் சுழன்று விமானத்தைப் பின்னால் இழுக்கும். மிஞ்சிய ஒரு எஞ்சினால் உயரத்தைக் காப்பாற்ற முடியாமல் மெல்ல மெல்ல இறங்கும். நல்ல எஞ்சின் பக்கத்து உந்துதலைச் சமாளிக்கக் காலால் ரட்டரை (வால் சுக்கானை) மிதித்துக்கொண்டே, இருட்டில் ஓடுதளம் தேட வேண்டும். வேகம் சற்றுக் குறைந்தால் கட்டுப்பாடு போய்விடும். அட்டை எழுதுகிறவர் 'வேகத்தைக் குறையவிட்டார்' என்று எழுதுவார். அதுவும் உண்மைதான், ஆனால் தொடங்கியது எஞ்சினில்.

இரவில் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள், நேர்கோட்டில், இறக்கை மட்டமாக, எஞ்சின் முழு வேகத்தில் தரையில் மோதிய விபத்துகள் தனி இனம். ஓடுதள விளக்கைத் தாண்டியதும் முன்னால் கும்மிருட்டு, அடிவானம் தெரியாது. வேகம் கூடும்போது உள்காது அதை 'மூக்கு மேலே தூக்குகிறது' என்று தவறாகச் சொல்லும். பைலட் கட்டுப்பாட்டுக் கம்பத்தை முன்னால் தள்ளுவார். தள்ளத் தள்ள அந்த உணர்வு குறையாது. நன்றாக ஏறிக்கொண்டிருப்பதாக நம்பியபடியே தரைக்கு வந்துவிடுவார். இந்த உள்காது மயக்கத்தை அன்று விசாரித்த அதிகாரிகள் கணக்கில் எடுக்கவில்லை. 'காரணம் தெளிவில்லை' அல்லது 'பைலட் கருவிகளைக் கவனிக்கவில்லை' என்று எழுதினார்கள்.

தரவன்:
நேவிகேட்டர் மேல் விழுகிற பழியும் அதே மாதிரி. இவர் நேவிகேட்டர் என்பதால் சொல்கிறேன். 'வழி தவறி மேட்டில் மோதியது' என்று அட்டையில் இருந்தால் இரண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்று காற்று. முன்னறிவிப்புக்கும் உண்மைக்கும் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வித்தியாசம் இருந்தால், இரண்டு மணி நேரத்தில் 40 கடல் மைல் விலகல். கீழே மேகம், ஊரெல்லாம் விளக்கணைப்பு. திருத்திக்கொள்ள அவரிடம் இருந்தது வயர்லெஸ் திசையளவும் அவ்வப்போது நட்சத்திரமும்.

இரண்டாவது ஆல்டிமீட்டர், அதாவது உயரம் காட்டும் கருவி. கிளம்பிய தளத்தின் காற்றழுத்தத்துக்கு வைத்த கருவி அது. தாழ்வழுத்தம் இருக்கிற பக்கம் பறந்தால் உண்மை உயரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒரு மில்லிபாருக்குச் சுமார் 30 அடி. 12 மில்லிபார் குறைந்த இடத்தில் 360 அடி பொய். மேகத்துக்குக் கீழே இறங்கி இடம் பார்க்கலாம் என்று 2,500 அடி காட்டும் வரை இறங்கியவர், தளத்தின் சொந்த உயரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உண்மையில் 2,140 அடியில் இருக்கிறார். வட இங்கிலாந்தின் பென்னைன் மலையில் அதைவிட உயரமான முகடுகள் இருக்கின்றன. மலைத்தடம் குறிப்பிட்ட தினசரி வானிலை அறிக்கையில் அழுத்தக் கோடுகள் உண்டு. புறப்பட்ட இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் கழித்துப் பாருங்கள். அந்த எண் கையில் இருந்தால் உறவினர்களிடம் பொறுப்போடு பேசலாம்.

கல்தச்சன்:
சரி, புரிகிறது. அப்படியானால் கல்லில் காரணம் வேண்டாம். இடம், பொழுது, என்ன பறப்பு என்பதோடு நிறுத்தலாம். 'இரவுநேரத் திசைப் பயிற்சிப் பறப்பின்போது இங்கே விழுந்தது' என்றால் போதும், பொய்யும் இல்லை.

மலைத்தடம்:
அதற்குச் சிறந்த முன்மாதிரி யார்க்ஷயரில் பக்டன் பைக் முகட்டில் இருக்கிறது. 1942 ஜனவரி 30, 18-ஆம் ஓ.டி.யு., பிராம்கோட் தளத்திலிருந்து வந்த வெலிங்டன், போலந்துக் குழு ஆறு பேர். பனிப்புயலில் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள். பின்பக்கக் கன்னர் ஜோசஃப் ஃபுஸ்னியாக் கணுக்கால் முறிந்த நிலையில் பனியில் ஒரு நரியின் காலடித் தடத்தைப் பின்பற்றி இறங்கி, கிரே என்ற சிற்றூரை அடைந்தார். பின்னாளில் தோழர்களுக்காக அவரே அந்த முகட்டில் ஒரு நினைவுச் சிலுவையை எழுப்பினார். அடியில் சிறிய வெண்கல நரித்தலை ஒன்று பதிந்திருக்கிறது. பக்கத்தில் விமானத்தின் உலோகத் துண்டுகளும் சிமெண்ட்டில் பதிக்கப்பட்டுள்ளன. பெயர்கள் இருக்கின்றன, பழி இல்லை.

பயிற்சி விபத்துகளின் விளைவு இன்னொன்றும் உண்டு. வேல்ஸில் லாண்ட்வ்ரோக் தளத்தின் மருத்துவ அதிகாரி ஜார்ஜ் கிரஹாம், ஸ்னோடோனியா மலைகளில் விழுகிற விமானங்களுக்குப் போகத் தேர்ந்த ஆட்களைச் சேர்த்தார். 1943-இல் அதிலிருந்து உருவானதுதான் வான்படையின் மலை மீட்புப் படை. விழுந்த இடம் வடக்கு வேல்ஸ் என்றால் லாண்ட்வ்ரோக் பதிவுகளையும் பாருங்கள்.

இடத்துக்குப் போவதற்கு முன் சட்டம். 1986-இன் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பிரிட்டனில் விழுந்த எல்லா இராணுவ விமானமும் தானாகவே பாதுகாக்கப்பட்டது. பார்க்கலாம், படம் எடுக்கலாம். தோண்டுவது, நகர்த்துவது, ஒரு துண்டை எடுப்பது எல்லாம் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் குற்றம். மனித எச்சமோ வெடிக்காத குண்டோ இருக்க வாய்ப்பு இருந்தால் உரிமமே கிடைக்காது. மெட்டல் டிடெக்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நில உரிமையாளரின் சம்மதம் தனி.

பழைய பதிவில் இடத்தைக் குறிக்கும் வரைபடக் கட்ட எண் இருந்தால் அதை இன்றைய வரைபடத்தில் நேரடியாகப் போடாதீர்கள். அன்றைய படை வரைபடத்தின் கட்டம் வேறு. மாற்றிப் போடாமல் விட்டால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள்.

கல்தச்சன்:
இனி கல் வேலை. மலையில் வைப்பதென்றால் வேல்ஸ் ஸ்லேட் அல்லது கிரானைட். மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் செதுக்க எளிது, ஆனால் உறைபனி தின்றுவிடும். எழுத்து 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 'வி' வடிவ வெட்டு. பெயிண்ட் நிரப்ப வேண்டாம், சில வருடங்களில் உரிந்து பெயரைப் படிக்கவிடாமல் செய்யும். ஸ்லேட்டில் வெறும் வெட்டே வெளிறித் தெரியும். கல்லைப் பின்னோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள், நீர் தேங்காது.

விமானத் துண்டு உரிமத்தோடு கிடைத்து, பதிக்க ஆசைப்பட்டால்: அலுமினியத்தை ஈரச் சிமெண்ட்டில் நேரடியாக வைக்காதீர்கள். சிமெண்ட்டின் காரம் அதை அரிக்கும், உப்பித் தெறிக்கும். பதிகிற பகுதிக்கு பிட்டுமன் (தார் போன்ற) பூச்சு இரண்டு கை கொடுத்து, நன்றாகக் காயவிட்டுப் பதியுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் நடுவில் நைலான் வாஷர் வேண்டும், இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டால் மழையில் அலுமினியம்தான் கரையும். மெக்னீசியக் கலவைப் பாகங்களை வெளியில் வைக்கவே வேண்டாம், வெள்ளைத் தூளாகிவிடும். கருவி முகப்பு எதுவும் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், சுரண்டாதீர்கள். இருட்டில் ஒளிர அதில் பூசியது ரேடியம். இன்றும் கதிர்வீச்சு உண்டு.

தரவன்:
தேவாலய வளாகத்தில் வைப்பதென்றால் மறைமாவட்ட அனுமதி தேவை. தேசியப் பூங்கா நிலம் என்றால் பூங்கா ஆணையத்திடம் கேட்க வேண்டும். போர்க் கல்லறை ஆணையத்தின் கல்லில் யாரும் எதையும் சேர்க்கவோ ஒட்டவோ கூடாது. தேய்ந்திருந்தால் ஆணையத்துக்கு எழுதுங்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வாசகத்தில் 'எதிரியுடன் போரிட்டு' என்று எழுதிவிடாதீர்கள். பணியில் இறந்தார், அதுவே முழு மரியாதை. வான்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் மட்டும் இறந்த 55,573 பேரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் போனவர்கள். லிங்கனில் உள்ள பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையத்தின் சுவரில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவு எழுத்துதான். அதன் இணையத் தரவுத்தளத்தில் ஓ.டி.யு., எச்.சி.யு. இழப்புகளும் உண்டு. குழுவை உறுதி செய்ய அதையும் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி:
தேதியை வைத்துத் தேடியதில் நான்கு பேர் சிக்கியிருக்கிறார்கள். பைலட், வயர்லெஸ் ஆப்பரேட்டர், ஏர் கன்னர், இவர். பைலட் கனடாக்காரர், ஆர் எண். இறப்பு அட்டவணையில் நால்வரும் ஒரே மாவட்டம். பாம் எய்மர் மட்டும் இல்லை.

வானோடி:
இரண்டில் ஒன்று. உயிர் பிழைத்திருக்கலாம், அல்லது அந்தப் பறப்பில் வராமல் இருந்திருக்கலாம். பைலட்டின் கனடாக் கோப்பைத் திறந்தால் விடை அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். இறந்தவர்களின் பட்டியலில் பயிற்றுநர் யாராவது இருக்கிறாரா என்றும் பாருங்கள். ஒரு முழுச் சுற்றுப் போர்ப்பறப்பு முடித்து, ஓய்வு என்ற பெயரில் ஓ.டி.யு.க்கு அனுப்பப்பட்டவர்கள் பலர் அங்கேதான் இறந்தார்கள். பயிற்றுநரைக் குழுப் பட்டியலில் தனியாக எழுதியிருப்பார்கள், விட்டுப்போவது எளிது.

கல்தச்சன்:
ஐந்தாமவர் யார் என்று தெரியும் வரை கல்லுக்கு வரைபடம் அனுப்பாதீர்கள். செதுக்கிய பின் ஒரு பெயர் சேர்க்க இடம் இருக்காது. உங்கள் ஆள் ஒருவர் பெயரை மட்டும் போடவும் வேண்டாம். நால்வருக்கும் பதவி, முழுப்பெயர், பணி, வயது, எந்த நாட்டு வான்படை என்று ஒரே அளவில் எழுதுங்கள். கீழே விமான வகை, வரிசை எண், பிரிவு, தேதி. மற்ற மூன்று குடும்பங்களுக்கும் வாசகத்தை அனுப்பி, எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்து வாங்கிய பிறகே உளி வையுங்கள்.

ஏட்டுச்சுவடி:
அப்படியே செய்கிறோம். கனடாக் கோப்பைப் பார்த்துவிட்டு, பாம் எய்மர் பற்றித் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். ஃபார்ம் 1180-க்கும் இன்றே ஹெண்டனுக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று.

தரவன்:
விண்ணப்பத்தில் விமான வரிசை எண் தெரியவில்லை என்றால் பைலட் பெயர், தேதி இரண்டையும் கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள். உங்கள் ஆள் நேவிகேட்டர், அவர் பெயர் அந்த அட்டையில் இருக்காது.